உச்சி வெயில் வேண்டுதல்

அடுத்தவன் காலை வைத்து யாராவது சாமியிடம் வேண்டிக்கொள்வார்களா? காசி வேண்டிக்கொண்டான்.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டிலிருந்து வேங்கிக்கால் வரைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன் காசி. நாற்பத்து மூன்று வயதில் ஒரு நாளும் பந்தைத் தொட்டு ஆடியதில்லை. ஆனால் அருணை வெட்டரன்ஸ் கூடைப்பந்து அணிக்கு அவனை விட்டால் வேறு ரசிகன் கிடையாது. நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் மட்டும் ஆடுகிற அணி அது. ஒருத்தருக்கு முட்டி, ஒருத்தருக்கு இடுப்பு, தொப்பை மட்டும் எல்லாருக்கும். மாவட்ட லீகில் எட்டு அணிகள். முதல் நாலு இடத்துக்குள் வந்தால் பிளேஆஃப். ஒன்பது வருஷமாக இவர்கள் ஐந்தாவது, ஆறாவது என்று நின்று காசியின் மானத்தை வாங்கினார்கள். தோற்ற நாளில் அவன் வீட்டில் சோறு தின்னமாட்டான். "அவங்க தோத்தா உனக்கு இன்னாய்யா வந்துச்சு?" என்று அவன் மனைவி வேதா கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.

இந்த வருஷக் கடைசி லீக் ஆட்டத்தில் ஜெயித்தே ஆகவேண்டும். இரண்டு நிமிஷம்தான் பாக்கி, நாலு பாயிண்ட் பின்னால். காசி கண்ணை மூடிக்கொண்டு முதலில் ஒரு கிலோ சூடம் என்றான். பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. என் தலையை மொட்டை அடிச்சுக்கிறேன் என்றான். அதுவும் வேலைக்கு ஆகவில்லை. "கேப்டன் செருப்பில்லாம, உச்சி வெயில்ல உன் மலைய சுத்தி வருவாரு, அண்ணாமலையாரே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். சொல்லி வாய் மூடவில்லை, ஜானி பாஷா மூலையிலிருந்து எறிந்த பந்து உள்ளே விழுந்தது. அப்புறம் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. பிளேஆஃப்!

காசி சூடத்தைக் கொளுத்தினான். மொட்டையும் போட்டான். மூன்றாவதுதான் அவன் கையில் இல்லை.

கேப்டன் கலையரசனுக்கு ஐம்பத்திரண்டு வயது. கலெக்டர் ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பத்து வருஷமாகச் சர்க்கரை. ஊரில் யாருக்குத்தான் சர்க்கரை இல்லை என்று அவரும் சிரிப்பார், காசியும் சிரிப்பான். போன மாதம் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது அவருடைய ஒரு செருப்பு உள்ளேயே கழன்று கிடந்தது. மனுஷன் ஒற்றைச் செருப்போடு கடைவரைக்கும் நடந்துபோய் ஷட்டரையும் தூக்கிவிட்டார். காசி செருப்பை எடுத்துக்கொண்டு ஓடிக் காட்டியபோதுதான் குனிந்து காலைப் பார்த்தார். அன்றைக்கு இரண்டு பேரும் அதையும் சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்கிற விஷயமா அது?

வேண்டுதலைக் கேட்டதும் கலையரசன் ஜெராக்ஸ் மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"நீ வேண்டிக்கிட்டா நான் ஏன்டா நடக்கணும்?"

"தெரியாம சொல்லிட்டண்ணா. வேணும்னா விட்றலாம்."

"எப்டிடா விடறது? சாமிக்கு பாக்கி வெச்சிக்கினு செமி பைனல் ஆடச் சொல்றியா?"

அவர் மனைவி பொன்னிக்கு இது பிடிக்கவில்லை. பங்குனி வெயில் சட்டியில் வறுக்கிற மாதிரி காய்ந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை காலை வாசலுக்கு வந்து, "தம்பி, வெயில் ஏறுறதுக்குள்ள சுத்திட்டு கூட்டியாந்துடுங்க. அவருக்கு சுகர் ஜாஸ்தியா இருக்கு," என்றாள். காசி தலையை ஆட்டினான். உச்சி வெயில் என்று வேண்டிக்கொண்டதை அவளிடம் அவன் சொல்லவே இல்லை, பாவி.

ஒன்பது மணிக்குத்தான் கிளம்பினார்கள். அடி அண்ணாமலை தாண்டும்போது மணி பன்னிரண்டு. தாரின் மேல் கானல் ஓடியது. காசியும் வெறுங்கால்தான். இரண்டு எட்டு வைத்தால் நிழலுக்கு ஓடினான், சாக்குத் துண்டைத் தேடி அதன்மேல் நின்றான். கலையரசன் நடு ரோட்டில் நிதானமாக நடந்துகொண்டிருந்தார்.

"சுடலியாண்ணா?"

"ஒண்ணும் தெரியலடா. மெத்தை மேல நடக்கற மாதிரி இருக்கு."

காசிக்கு மயிர் சிலிர்த்தது. அருள்! அண்ணாமலையார் இவர் காலைத் தன் கையில் தாங்குகிறார்! ரோட்டிலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டான். கையிலிருந்த ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் இருந்தது, தோள்பையில் மாற்றுச் செருப்பு இருந்தது, எதையும் அவன் நீட்டவில்லை. இந்த வருஷம் கப் நமக்குத்தான் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு கூடவே துள்ளித் துள்ளி ஓடினான்.

சுற்றி முடித்து ஆட்டோவில் உட்கார்ந்தபோது கேப்டனின் பாதத்தைப் பார்த்தான். இரண்டு உள்ளங்காலும் ரத்தச் சிவப்பு. வலது காலில் விரல்களுக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவுக்குக் கொப்புளம். அவனுக்குப் பயம் வந்துவிட்டது. "வலிக்குதாண்ணா?" என்று கேட்டான். "இல்லையே," என்றார் அவர். அதோடு காசியின் பயம் போய்விட்டது. சட்டைப் பையிலிருந்த கோயில் திருநீற்றை எடுத்துக் கொப்புளத்தின் மேல் அழுத்தித் தடவினான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செமி பைனல். எதிரில் ஆரணி அணி. கலையரசன் ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கினார். அப்படி ஓர் ஆட்டத்தை அவர் இருபது வருஷத்தில் ஆடியதில்லை. ஓடினார், திரும்பினார், எகிறினார். மற்றவர்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவர் மட்டும் காலைப் பற்றிய நினைப்பே இல்லாமல் ஆடினார். கூட்டம் விசில் அடித்தது. காசி மட்டும் விசில் அடிக்கவில்லை. ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை.

இடைவேளையில் இரண்டு பாயிண்ட் முன்னால். காசி தண்ணீர் பாட்டிலோடு ஓடினான். கலையரசன் நடந்து வந்த சிமெண்ட் தரையில் வலது கால் பட்ட இடமெல்லாம் ஈரத் தடம். யாரோ தண்ணீர் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்து, குனிந்து விரலால் தொட்டான். பிசுபிசுத்தது. மூக்கருகே கொண்டுபோனான். வாடை குமட்டியது. வெள்ளை ஷூவின் ஓரத்தில் மஞ்சளும் சிவப்புமாக ஊறியிருந்தது.

"இன்னா காசி, மூஞ்சி செத்துப்போச்சு?" என்றார் ஜானி பாஷா. "கலைக்கு எதுனா பிரச்சனையா? சொல்லு, உக்கார வெச்சிடலாம். அவன் இல்லாம தோத்தாலும் பரவால்ல."

காசி கலையரசனைப் பார்த்தான். அவர் சின்னப் பையன் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷம். இன்னும் இருபது நிமிஷ ஆட்டம்.

"ஒண்ணும் இல்ல பாய்," என்றான். காலால் அந்தத் தடத்தைத் தேய்த்து அழித்தான்.

ஜெயித்தார்கள். கேப்டனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். காசி கைதட்டவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "அண்ணா, வண்டில ஏறுங்க," என்றான். வழியில் பொன்னியையும் ஏற்றிக்கொண்டான். எதற்கு என்று அவள் கேட்டாள். அவன் வண்டியை இன்னும் வேகமாக விரட்டினான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஷூவைக் கழற்றி, சாக்ஸை நனைத்து நனைத்து உரித்தார். சாக்ஸோடு தோலும் வந்தது. கலையரசன் கட்டிலில் படுத்துக்கொண்டு கடைசிக் கால் மணி நேர ஆட்டத்தை நர்ஸுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எப்போ ஆச்சு இது?"

"மேட்ச்ல தேஞ்சிருக்கும் மேடம்," என்றார் கலையரசன்.

"இது தேஞ்ச புண்ணு இல்லீங்க. வெந்த புண்ணு. வெந்ததுக்கு மேல ஒரு மணி நேரம் ஓடியிருக்கீங்க. எலும்பு தெரியுது." டாக்டரம்மா எழுந்து பொன்னியையும் காசியையும் கதவுக்கு வெளியே கூட்டிவந்தார். "விரலுங்களை எடுத்தாகணும். அதோட நிக்குமா, மேல போகுமான்னு ரெண்டு நாள் பாத்துதான் சொல்ல முடியும். நேத்தே வந்திருந்தா கட்டு போட்டு அனுப்பியிருப்பேன். யாருமே பாக்கலியா?"

பொன்னி காசியைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை. வேண்டுதல், உச்சி வெயில், கொப்புளம், திருநீறு, ஈரத் தடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். ஜானி பாஷா கேட்டதையும், தான் சொன்ன பதிலையும்கூட மறைக்கவில்லை. சொல்லிவிட்டு, அவள் செருப்பைக் கழற்றி அடிப்பாள் என்று தலையைக் குனிந்து நின்றான். அடித்திருந்தால் தேவலை.

"எத்தன பாயிண்ட்ல ஜெயிச்சீங்க தம்பி?" என்று பொன்னி கேட்டாள்.

"மூணு, அண்ணி."

அவள் சுவரோரம் உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து கலையரசன் கூப்பிட்டார். "காசி! அந்த ஷூ நாறுது பாரு. நல்லா கழுவி வெயில்ல காயப் போடு. அடுத்த ஞாயித்துக்கெழமை பைனலுக்கு வேணும்."

காசி உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்த ஷூவை எடுத்தான். "சரிண்ணா," என்றான்.