இஸ்திரியம்மாவின் எடை

மகளை அடக்கம் செய்த மூன்றாம் நாள், ஞாயிறு ஆராதனையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு "நான் மன்னிச்சிட்டேன்" என்று சொன்ன நொடியில் இஸ்திரியம்மா தன் எடை முழுவதையும் இழந்தாள். கால்கள் தரையை விட்டு ஒரு செங்கல் உயரத்துக்கு எழும்பி அங்கேயே நின்றன. அன்று ஆலயத்தில் மின்சாரம் இல்லை, மைக் மட்டும் பேட்டரியில் ஓடியது, எனவே பழியை மின்விசிறியின் மேல் போட முடியாது. முன்வரிசைக்காரர்கள் பார்த்துவிட்டு ஸ்தோத்திரம் சொன்னார்கள். பின்வரிசைக்காரர்கள் எதையும் பார்க்கவில்லை, ஆனாலும் அவர்களும் சொன்னார்கள்.

அவள் ஒரு சலவையகத்தில் மருத்துவமனைச் சீருடைகளுக்கு இஸ்திரி போடுகிறவள். உறவென்று சொல்லிக்கொள்ள மகள் ஒருத்திதான். அந்தப் பெண் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள், யார் வீட்டுக்கு வந்தாலும் அவர்கள் கண்ணாடியைக் கழற்றி வாங்கித் தன் துப்பட்டாவில் துடைத்துக் கொடுக்காமல் விடமாட்டாள். ஒரு காலை, பேக்கரியின் பின்வாசலில், பின்னோக்கி வந்த ரொட்டி வேன் அவளை இடித்துச் சுவரோடு நசுக்கியது. வேனை ஓட்டியவன் அதே சபையைச் சேர்ந்தவன், ஆலயத்தில் அவர்களுக்கு நான்கு பெஞ்சு தள்ளி உட்காருகிறவன். சபை இரண்டாகப் பிளந்துவிடுமோ என்று போதகருக்குப் பயம். கெட்ட மனிதர் அல்ல, அவசரக்காரர். சனிக்கிழமை மாலை சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "நாளைக்கு ரெண்டு வார்த்தை சொல்லிடுங்கம்மா. பெரிய சாட்சியா இருக்கும்" என்றார். அந்த நிலையில் வீட்டை இடித்துவிடலாமா என்று கேட்டிருந்தாலும் அவள் தலையாட்டியிருப்பாள்.

எடை போனதால் வந்த முதல் தொந்தரவு வேலையில்தான். அவள் தேய்த்த துணியில் சுருக்கம் போகவில்லை. எவ்வளவு அழுத்தினாலும் இஸ்திரிப்பெட்டி இருந்த இடத்தில் இருந்தது, அவள்தான் மேலே போனாள். மேற்பார்வையாளர் தங்கமான ஆள், இரண்டு பழைய பெட்டிகளை அவள் இடுப்பில் கட்டிப் பார்த்தார், அவையும் சேர்ந்து மிதந்தன. அப்புறம் மடிக்கிற பிரிவுக்கு மாற்றிவிட்டார். சபையிலோ அவளுக்கு ஏக மரியாதை. மற்ற சபைகளுக்கெல்லாம் அழைத்துப் போய்ச் சாட்சி சொல்ல வைத்தார்கள். நம்பிக்கையில்லாதவர்கள் அவள் செருப்புக்கும் தரைக்கும் நடுவே பாட்டுப் புத்தகத்தை நுழைத்துப் பார்த்துவிட்டுத் திருப்தியாக வீட்டுக்குப் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரி மட்டும், செருப்பு தேயவே இல்லையே, எந்தக் கடையில் வாங்கினாய் என்று விசாரித்தாள்.

இஸ்திரியம்மா கேட்டது இதில் எதையும் அல்ல. மகளின் மண்ணில் ஒரு தடவை முழங்கால் போட்டு வாய்விட்டு அழவேண்டும், அவ்வளவுதான். கல்லறைத் தோட்டத்துக்குப் போவாள், சிலுவையைக் கட்டிப்பிடித்துத் தன்னைக் கீழே இழுப்பாள், முழங்கால் மண்ணைத் தொடாது. கண்ணீரும் வரவில்லை. அழுவதற்குக்கூட உடம்பில் கனம் வேண்டும்போலிருக்கிறது. பெற்ற பிள்ளைக்காக அழமுடியாத தாயைப் போலப் பாவப்பட்டவள் யார்? போதகரிடம் போய்ச் சொன்னாள்.

"எத்தனை பேருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு கிருபை" என்றார் அவர்.

"அப்ப நீங்களே வச்சுக்குங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தாள். அதன்பிறகு சாட்சி சொல்ல அவளை யாரும் கூப்பிடவில்லை.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் கல்லறையருகே, ஈர மண்ணில் கணுக்கால் ஆழத்துக்குக் காலடிகள் பதிந்திருப்பதைப் பார்த்தாள். யாரோ வந்து, வெகுநேரம் நின்று, திரும்பிப் போயிருக்கிறார்கள். ஒற்றை ஆளின் கனத்துக்கு அவ்வளவு ஆழம் பதியாது, ஆனால் அவை ஒரே ஆளின் செருப்புத் தடங்கள். அவற்றின் மேலாகவே மிதந்து போனாள். மண்பாதை முடிந்த இடத்திலிருந்து நடைபாதைக் கற்களில் விரிசல் தொடர்ந்தது. விரிசல் போய் நின்றது ரொட்டி வேன்காரனின் வீட்டு வாசலில்.

அவனுக்கு நடந்தது ஊருக்கெல்லாம் தெரியும், யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்த ஞாயிற்றுக்கிழமையே அவன் உட்கார்ந்திருந்த பெஞ்சு நடுவில் முறிந்தது, பழி தச்சரின் மேல் விழுந்தது. அடுத்து வேனின் அடியில் பாரம் தாங்கும் இரும்புப் பட்டை முறிந்தது, அடுத்து வீட்டுப் படி, அடுத்து கட்டில். மருத்துவர் தராசில் ஏற்றியபோது இஸ்திரியம்மாவைப் போல் ஒல்லியான ஒரு பெண்ணைத் தோளில் சுமந்துகொண்டிருப்பவனின் எடையைக் காட்டியது. பேக்கரி அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அவன் மனைவி சட்டிபானைகளையெல்லாம் தரையில் இறக்கி வைத்தாள், அவன் நடந்தால் அலமாரி ஆடுகிறதாம்.

இஸ்திரியம்மா உள்ளே போனபோது அவன் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை.

"தம்பி, நான் உன்னை மன்னிக்கல" என்றாள்.

"தெரியும்க்கா."

"எப்படித் தெரியும்?"

"நான் இன்னும் கேக்கவே இல்லையே. கேக்க வாயைத் திறந்தாலே, அதான் அந்தம்மா மன்னிச்சாச்சேன்னு எல்லாரும் என் வாயை அடைச்சிடுறாங்க. அன்னைக்கு என்ன நடந்ததுன்னு இதுவரைக்கும் ஒருத்தர் என்னைக் கேக்கல."

"நான் கேக்குறேன். சொல்லு."

சொன்னான். பின்னால் வரும்போது வேனின் பக்கக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. தினமும் பார்க்கிறவன் அன்று ஏன் பார்க்கவில்லை என்று அவனுக்கே தெரியவில்லை. சத்தம் கேட்டதும் ரொட்டித் தட்டு ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்து, அலுத்துக்கொண்டே இறங்கியிருக்கிறான். "அலுத்துக்கிட்டேன்க்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் அவனைத் திட்டினாள். இஸ்திரி மேஜையில் நின்று நின்று கற்றுக்கொண்ட வார்த்தைகள், சபையில் எவரும் அவள் வாயிலிருந்து கேட்டிராதவை. அவன் மனைவி கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள். திட்டத் திட்ட அவள் கால்கள் இறங்கின, சிமெண்டுத் தரையின் சில்லிப்பு பாதத்தில் ஏறியது. அவன் பெருமூச்சு விட்டு எழுந்து நின்றான்.

அன்றைக்கே கல்லறைத் தோட்டத்துக்கு நடந்து போய் முழங்கால் போட்டாள். அழுத அழுகையில் தோட்டத்துக் காவல்காரர் பயந்துபோய் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். சேலையெல்லாம் சேறு. வீட்டுக்கு வந்தும் நாள்கணக்கில் அதைத் துவைக்கவில்லை.

சபைக்கு இது சங்கடமாகப் போய்விட்டது. அற்புதம் பொய்யா என்று சிலர், அவள் பின்வாங்கிப் போனாள் என்று சிலர். அவள் ஞாயிறு தவறாமல் வந்தாள். கர்த்தர் கற்றுத்தந்த ஜெபத்தில் மன்னிப்பு பற்றிய வரி வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வாள், மற்ற வரிகளை எல்லோரையும்விடச் சத்தமாகச் சொல்வாள். ஆராதனை முடிந்து கல்லறைக்குப் போனால் அவன் அங்கே நிற்பான்.

"அக்கா, என்னை மன்னிச்சிருங்க."

"இன்னைக்கு முடியல. அடுத்த வாரம் வந்து கேளு."

அடுத்த வாரமும் வந்து கேட்டான். இப்படியே ஆண்டுகள் போயின. போதகர் மாற்றலாகிப் போனார், பேக்கரி கைமாறியது, அவனுக்கு வேறொரு வேன் கிடைத்தது, இஸ்திரியம்மாவின் தலை வெளுத்தது. அவள் பெரும்பாலும் முடியாது என்றுதான் சொன்னாள். எப்போதாவது ஒரு ஞாயிறு, எதனால் என்று அவளுக்கே சொல்லத் தெரியாமல், "சரி தம்பி" என்பாள். உடனே அவள் கால்கள் இரண்டு விரற்கடை மேலே எழும்பும், அவன் பாதங்கள் மண்ணில் புதையும். அவன் கையை நீட்டுவான், அவள் பிடித்துக்கொள்வாள். மகளின் பிறந்தநாள் நினைவுக்கு வரும், அல்லது வீட்டில் காலியாக இருக்கும் கட்டில், மறுபடி வயிறு எரியும், மெல்ல இறங்குவாள். அதுவரை அவன் கையை விடமாட்டான். காவல்காரர் புல்லை வெட்டியபடி அவர்களைச் சுற்றிக்கொண்டு போவார்.