புகை வராத புகைபோக்கி

ஜனவரி பிறந்துவிட்டால் அந்த ஊரில் தூங்குகிற கரடிகூட எழுந்து வந்து கதவைத் தட்டிப் போர்வை கேட்கும். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்து வடகோடி அப்படி. அங்கேதான், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மேவிஸ் தனியாக இருந்தாள். தனியாக என்றால், வீட்டைச் சூடாக்க நிலவறையில் இருந்த விறகு உலையோடு.

உலையா அது, பகாசுரன்! ஒரு வண்டி விறகைப் போட்டாலும் ஏப்பம் விட்டுவிட்டு இன்னும் கேட்கும். சூட்டில் பாதி புகைபோக்கி வழியே ஏறிப் போய் மேகங்களுக்குக் குளிர் போக்கியது.

"அம்மா, போன குளிருக்கே பிப்ரவரியில விறகு தீர்ந்து ஹார்லன் வீட்டுல கடன் கேட்டே. என்னோட நகரத்துக்கு வந்துடு," என்றாள் கோடையில் வந்திருந்த மகள் டோரீன்.

"வர்ற பிப்ரவரி ரெண்டாம் தேதி வந்து பாரு. பாதி விறகு மிச்சமிருந்தா நான் இங்கேதான். இல்லேன்னா நானே பெட்டி கட்டுறேன்."

குளிர்காலம் பாதி தாண்டும் பிப்ரவரி இரண்டில் பாதி விறகு மிச்சமிருப்பவன்தான் வசந்தத்தைப் பார்ப்பான் என்பது அங்கே பைபிளுக்கு அடுத்த வாக்கு. அதை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு யாரும் பின்வாங்க முடியாது.

இலையுதிர் காலத்தில் மேவிஸ் உலைக்குள் தலையை விட்டாள். தீக்கு மேலே கூரை போலத் தடித்த இரும்புத் தகடு ஒன்றைப் பொருத்தினாள். புகை நேரே ஓடாமல் சுற்றிக்கொண்டு போகட்டும் என்று. சல்லடையாகத் துளைத்த குழாய் ஒன்றைத் தகட்டுக்கு அடியில் செருகினாள். சூடான காற்று அதன் வழியே வந்து புகையையே எரித்துவிடும். சுற்றிலும் தீச்செங்கல், உலைக் கதவோரத்தில் காற்றுப் புகாமல் அடைக்கப் புதுக் கயிறு.

எதிர்வீட்டு ஹார்லன் எட்டிப் பார்த்தார். "நல்ல உலையில ஓட்டை போடுறியே, மேவிஸ்! மூளையில ஏற்கெனவே விழுந்துடுச்சா?"

"உங்க வாயைவிடச் சின்ன ஓட்டைதான். நகருங்க, வெளிச்சம் மறைக்குது."

முதல் தடவை பற்றவைத்தபோது புகை முழுக்க வீட்டுக்குள் வந்தது. எச்சரிக்கை மணி அலறிய அலறலில் அடுத்த மாவட்டத்துப் பசுக்களுக்குப் பால் வற்றியது. தகட்டை இரண்டு விரல் பின்னால் தள்ளினாள். உலை சாதுவாகிவிட்டது. தீ நீலமாக, பட்டுத் துணி போல, தகட்டுக்கு அடியில் புரண்டது. மேவிஸ் நிலவறையில் நாற்காலி போட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பெற்ற பிள்ளை மேடையேறியதைப் பார்ப்பதுபோல.

பிப்ரவரி இரண்டு. எச்சில் துப்பினால் ஐஸ்கட்டியாகத் தரையில் உருளும் குளிர். அந்த ஊரில் காலையில் எழுந்ததும் முதல் வேலை, அடுத்த வீட்டுப் புகைபோக்கியைப் பார்ப்பது. புகை வந்தால் ஆள் உயிரோடு இருக்கிறார். வாரக்கணக்கில் பனிமூட்டம் மறைத்திருந்த மேவிஸின் கூரை அன்றுதான் பளிச்சென்று தெரிந்தது. ஹார்லன் பார்த்தார். ஒரு நூல் புகை இல்லை.

"அய்யய்யோ, மேவிஸ் உறைஞ்சு போயிட்டா!"

கோடரியை எடுத்துக்கொண்டு ஓடினார். அப்போதுதான் காரிலிருந்து இறங்கிய டோரீன் அலறிக்கொண்டே பின்னால் ஓடினாள். கதவு இரண்டே வெட்டில் பிளந்து விழுந்தது.

உள்ளே மேவிஸ், கையில்லாத பருத்திச் சட்டையோடு, வெறுங்காலோடு உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"தாழ் போடலையே! ஏன் கதவை வெட்டுறீங்க?"

"புகையே வரலையே!" என்றார் ஹார்லன். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"எப்படி வரும்? அதையும் எரிச்சுத்தானே வீட்டைச் சூடாக்குறேன்!"

டோரீன் அழுகையைத் துடைத்துக்கொண்டு, கம்பளிக் கோட்டைக் கழற்றி, பின்பக்கம் போய் விறகடுக்கைப் பார்த்தாள். பாதியா? பாதிக்கும் மேலே, அவள் தோளுயரத்துக்கு நின்றது. திரும்பி வந்து ஐஸ்கிரீமுக்கு ஒரு கரண்டி எடுத்தாள்.

"சரிம்மா, இங்கேயே இரு. ஆனா தினமும் காலையில முகப்புல எதையாவது தொங்கவிடு. நீ இருக்கேன்னு ஊருக்குத் தெரியணும்."

மறுநாள் காலையிலிருந்து மேவிஸின் முகப்பில் சிவப்புக் கம்பளி உள்ளாடை ஒன்று கொடியாகப் பறந்தது. அதற்குக் கீழே ஹார்லன் புதுக்கதவைப் பொருத்திக்கொண்டிருந்தார். கடைசி ஆணியை அடித்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

"மேவிஸ்... அந்தத் துளை போடுற கருவியை, சும்மா ரெண்டு நாளைக்குத் தரியா?"

"கருவி மட்டும் போதுமா? இல்லே, உங்க நல்ல உலையில ஓட்டை போட நானும் வரணுமா?"