பதினோரு அங்குலம் நாலு நூல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் மனைவி அம்சவேணி சொல்வாள். அது பொய். கோபம் வருவதற்கு முன்னாலேயே என் வாய் திறந்துவிடும், அதுதான் உண்மை.

2004இல், கொல்லிமலை ஏறும் ரோட்டோரம் இருக்கும் எங்கள் தச்சுப் பட்டறையில், கம்ப்யூட்டர் சொன்னபடி மரத்தைக் குடையும் மெஷின் ஒன்றை இறக்கினேன். வந்த பிறகுதான் தெரிந்தது, அதற்குப் படம் போட்டுக் கொடுக்க சாப்ட்வேர் தனியாக வாங்க வேண்டும் என்று. விற்பனையாளர் கோகுல்நாத் கோயமுத்தூரிலிருந்து இரண்டு சி.டி. கொண்டுவந்து, ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். பெரியது சாமி சிலையைக்கூடச் செதுக்குமாம். ஆனால் அதை ஓட்டப் படித்த ஆளை சேலத்திலிருந்து வரவழைக்க வேண்டும். சின்னது பூவும் கொடியும் எழுத்தும் போடும். அதை அம்சவேணியே ஓட்டிவிடலாம்.

அவள் எட்டு வருடமாக ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஈர மாவில் நின்று நின்று கால் விரலிடுக்கெல்லாம் புண். அந்த ஒரு மாதம் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். மௌஸைப் பிடித்து இழுத்து இழுத்து ஒரு மிளகுக் கொடியை அவள் வரைந்து முடித்தபோது, இவளை இனி மில்லுக்கு அனுப்பவே கூடாது என்று மனதுக்குள் முடிவு செய்தேன். அவளிடம் சொல்லவில்லை. நல்லதைச் சொல்ல மட்டும் இந்த வாய் திறக்காது.

மாதக் கடைசியில் சோதனை வைத்தோம். மலைமேல் தேவனூர் நாட்டு விவசாயி காளியண்ணன் புது வீட்டுக்குக் கதவு கேட்டிருந்தார். சட்டம் தயார். அதில் பொருத்த பலா மரத்தில் இரண்டு பலகைகள். மேல் பலகையைப் பெரிய சாப்ட்வேரில் கோகுல்நாத்தே மில்லிமீட்டர் டேப்பால் அளந்து போட்டார். கீழ்ப் பலகையைச் சின்னதில் அம்சவேணி போட்டாள். அதற்கு அளவைச் சீட்டில் எழுதிக் கொடுத்தது நான்.

மேல் பலகை கச்சிதமாக உட்கார்ந்தது. கீழ்ப் பலகை லொடலொட என்றது.

"ஆடற பல்லாட்டம் இருக்குதுங்களே," என்றார் காளியண்ணன்.

நான் அம்சவேணி பக்கம் திரும்பினேன். "பாத்து அடிக்கத் தெரியாதா? உனக்கெதுக்கு இந்த வேல? நாளைக்கே மில்லுக்குக் கெளம்பு!"

அவள் சீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள், நின்றிருந்த இரண்டு பேரையும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாள். நான் வீறாப்பாகப் பெரியதையே வாங்கிக்கொள்கிறேன் என்று கோகுல்நாத்திடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை அவள் மதியச் சோற்றைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் பட்டறையில் அந்தப் பலகையை மறுபடி அளந்தேன். அகலத்தில் முக்கால் நூல் குறைந்தது, உயரத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை நூல். மெஷின் தப்பு செய்தால் இப்படிப் பக்கத்துக்கு ஒரு விதமாகவா செய்யும்? சீட்டைத் தேடி எடுத்தேன். 11.4, 30.7. என் கையெழுத்து.

தச்சு வேலையில் அங்குலத்துக்கு எட்டு நூல். பதினோரு அங்குலம் நாலு நூல் என்பதை நடுவில் ஒரு புள்ளி வைத்துத்தான் எழுதுவேன், இருபது வருடப் பழக்கம். எனக்கு அது பதினொன்றரை அங்குலம். கம்ப்யூட்டருக்குப் புள்ளிக்குப் பின்னால் இருப்பது பத்தில் நாலு. சொன்ன அளவில்தான் மெஷின் அறுத்திருக்கிறது.

மானிட்டருக்குக் கீழே ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒரு நூல் .125, இரண்டு நூல் .25 என்று ஏழு நூல் வரை, அம்சவேணியின் கையெழுத்தில். பலகையை அறுக்கும்போது அது அங்கே இல்லை. தப்பு எங்கே என்று நேற்றே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

பனியனோடு ஓடினேன். மலையிறங்கி வந்த பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்புள்ள, எறங்கு!"

"நேரமாச்சுங்க. எதுன்னாலும் ஊட்ல பேசிக்கலாம், போங்க."

நேற்று இரண்டு பேருக்கு முன்னால் கத்தினேன். இன்றைக்கு பஸ் நிறைய ஆள். இருக்கட்டும் என்று கத்தினேன். "தப்பு எம்மேல! சீட்டுல நாந்தான் தப்பா எழுதிக் குடுத்தேன். நீ அடிச்சது சரிதான்!"

கண்டக்டர் என்னை முறைத்தார். மில்லுக்குப் போகும் பெண்கள் சிரித்தார்கள். அவள் முகம் சிவக்க இறங்கி வந்தாள்.

பஸ் போன பிறகு கேட்டேன். "நேத்தே ஏன் சொல்லல?"

"வெளியாளுங்க முன்னால உங்கள எப்படிங்க விட்டுக்குடுக்கறது?"

அதே ஆட்களுக்கு முன்னால்தான் நான் அவளை விட்டுக்கொடுத்திருந்தேன். தூக்குப்போசியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"கோகுல்நாத்துக்குப் போன் போட்டுச் சின்னதே போதும்னு சொல்லிடறேன். நீயே உக்காரு."

"செரிங்க. ஆனா இனிமே சீட்டு வேண்டாம். அளவ வாயில சொல்லுங்க, நான் போட்டுக்கறேன்."

பட்டறைக்குத் திரும்பி நடந்தோம். வாசலில் எப்படியோ வாய் திறந்தது.

"அந்த மிளகுக் கொடி ரொம்ப நல்லாருந்துச்சு புள்ள."

அவள் நின்றுவிட்டாள். "ஒரு மாசமாச்சுங்க, நீங்க இதச் சொல்ல," என்றாள்.