பச்சைக் கோடு போடுகிறவன்

புர்வோகெர்த்தோ ரயில் நிலையத்துக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டிப் போகும் சந்தில் வஸ்கித்தோ குடியிருந்தான். அச்சகத்தில் பேனர் வடிவமைக்கிற வேலை. தேர்தல் முடிந்ததும் தலைவர்களின் முகங்களை அச்சடிக்கக் கேட்டு வர ஆள் இல்லாமல் போனது. அச்சகக்காரர் கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துவிட்டு ஆட்களைக் குறைத்தார். முதலில் போனது வஸ்கித்தோவின் நாற்காலிதான்.

மழைக்காலம் முழுக்க வீட்டிலேயே கிடந்த பிறகு, பழைய நண்பன் ஒருவன் மூலமாகப் போனிலேயே ஒரு வேலை வந்தது. காசு கட்டிப் பழப் படங்களைச் சுழலவிடும் மெஷின் சூதாட்டம் நடத்தும் ஓர் இணையதளத்துக்கு மணிக்கொரு தரம் ஒரு படம் செய்து அனுப்ப வேண்டும். படத்தில் மெஷின்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சதவீதம், அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு. சதவீதம் அதிகமென்றால் கோடு பச்சை, குறைவென்றால் சிவப்பு. கூண்டுப் பறவை ஓயாமல் பாடினால் அந்த ஊரில் என்ன சொல்வார்களோ அதையேதான் காசு கொட்டுகிற மெஷினுக்கும் சொல்வார்கள்: பாடுகிறது. எந்த மெஷின் எந்த நேரத்தில் பாடும் என்று ஆடுகிறவர்களுக்குச் சொல்வதுதான் அந்தப் படம்.

"இந்த நம்பரெல்லாம் எங்கேருந்து வரும்?" என்று முதல் நாளே கேட்டான். எதிர்ப்பக்கம் இருந்தவனை எல்லோரும் அட்மின் என்றார்கள். முகம் கிடையாது, குரல் மட்டும்தான்.

"எங்கேருந்தும் வராது. நீதான் போடணும். மூணு நாலு பச்சை இருக்கட்டும். எல்லாத்தையும் பச்சையாக்கிடாதே, ஒருத்தனும் நம்ப மாட்டான்."

வஸ்கித்தோ கணினியில் ஒரு சூத்திரம் எழுதி வைத்தான். ஒரு விசையைத் தட்டினால் எண்கள் எல்லாம் தாமாக மாறும், கோடுகளும் நிறம் மாறும். அப்புறம் செய்ய ஒன்றுமில்லை, தட்டி அனுப்ப வேண்டியதுதான். மனைவி லஸ்த்ரியிடம் விளம்பர வேலை என்று சொன்னான். வாரக் கடைசியில் பணம் வந்ததால் அவளும் துருவவில்லை.

லஸ்த்ரியின் தம்பி தர்சுன் பக்ஸோ விற்பவன். இறைச்சி உருண்டைகள் மிதக்கும் சூப்புப் பானையை வண்டியில் வைத்து, கிண்ணத்தைக் கரண்டியால் தட்டிக்கொண்டே தெருத்தெருவாகப் போவான். வாய் ஓயாத, கைக்கு வந்ததைப் பக்கத்திலிருப்பவனுக்குக் கொடுத்துவிடுகிற ஆள். மத்தியானம் வெயில் ஏறியதும் வண்டியை அக்கா வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து படுப்பான். அப்படி ஒரு மத்தியானம் அவன் தரையில் மல்லாந்து கிடந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் குடிக்க வந்த வஸ்கித்தோவின் கண் அதில் பட்டது. காலையில் அவன் அனுப்பிய படம்.

"இது என்னடா?"

"இதா? நேரம் பாக்கற பட்டியல் மச்சான். கண்ணை மூடிட்டு ஆடறவன் முட்டாள். நான் பச்சை பாத்துத்தான் கை வெப்பேன்."

"எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாளாத்தான். ஏன், அக்காகிட்ட போட்டுக் குடுக்கப் போறியா?"

வஸ்கித்தோ அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் வண்டி தள்ளித் தள்ளிக் காய்த்துப்போன அந்தக் கை போனைப் பிடித்திருந்ததைப் பார்த்த பிறகு அவனால் முடியவில்லை.

"தர்சுன், அது சுத்தப் பொய். அதைச் செய்யறதே நான்தான். இந்த வீட்லதான் செய்யறேன். நம்பரெல்லாம் சும்மா வாய்க்கு வந்தது."

தர்சுன் விழுந்து விழுந்து சிரித்தான். "நீயா? உன் மூஞ்சிக்கு?" என்றான். வஸ்கித்தோ தன் போனைத் திறந்து காலையில் அனுப்பியதைக் காட்டினான். சிரிப்பு மெல்ல அடங்கியது. தர்சுன் எழுந்து உட்கார்ந்தான். வேறு யாரையோ பார்ப்பதுபோல மச்சானைப் பார்த்தான்.

"அப்போ எங்களுக்கெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே உனக்குத் தெரியும்."

"தெரியறதுக்கு என்னடா இருக்கு அதுல?"

"சரி சரி, புரியுது. வெளியில சொல்லக்கூடாது, அதானே? என் வாயிலேருந்து ஒரு வார்த்தை போகாது மச்சான்."

மறுநாளிலிருந்து அவன் வெறுங்கையோடு வருவதில்லை. கிராம்பு சிகரெட் பாக்கெட், சுடச்சுட மெண்டோவான் பஜ்ஜி, ஒரு நாள் ஒரு சீப்பு வாழைப்பழம். சாப்பிட்டு முடித்ததும் குரலைத் தாழ்த்தி, "இன்னிக்கு எது மச்சான்?" என்பான். வஸ்கித்தோ தலையில் அடித்துக்கொள்வான். கடைசியில் பொறுக்காமல் ஒரு நாள் அவனை இழுத்துக்கொண்டுபோய்க் கணினிமுன் உட்கார வைத்தான்.

"இந்த விசையைத் தட்டு. உன் கையாலேயே தட்டு. பாத்தியா, எல்லாம் மாறுதா? இன்னொரு தடவை தட்டு. மறுபடி மாறுதா? இதுல மெஷினும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நீ தட்டினா நீயே பச்சை போடலாம். இப்பவாவது விளங்குதா?"

தர்சுன் பயபக்தியோடு இன்னொரு தரம் தட்டினான். ஏதோ ஒரு டிராகன் பெயர் கொண்ட மெஷினுக்கு நேரே நீளமாகப் பச்சைக் கோடு ஒன்று ஓடி நின்றது. அவன் அதையே பார்த்தான்.

"விளங்கிடுச்சு," என்றான். சட்டென்று எழுந்து மச்சானின் கையைப் பற்றிக் குனிந்து முத்தமிட்டுவிட்டு வெளியே போனான்.

சாயங்காலம் அவன் ஆட்டுத் தொடை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். பின்னாலேயே அவன் மனைவி ருமியாதி, லஸ்த்ரிக்கு ஒரு புது அடுப்போடு. டிராகன் பாடியிருந்தது. மூன்று மாதம் வண்டி தள்ளினாலும் வராத பணம்.

"மச்சான் குடுத்தது!" என்று வாசலில் நின்று கத்தினான். "மச்சான் வாயால சொல்லல, என் கையாலயே தட்ட வெச்சாரு!"

"அது குருட்டாம்போக்குல வந்ததுடா," என்றான் வஸ்கித்தோ. அவன் பேச்சு யார் காதிலும் ஏறவில்லை. லஸ்த்ரி அடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இது என்ன வேலை என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் முகம் சுளிக்கவில்லை.

"இத்தனை நாள் எங்கிட்ட மறைச்சீங்களே," என்று மட்டும் சொன்னாள். அதிலும் ஒரு பெருமை இருந்தது.

சந்து முழுக்கத் தெரிந்துபோயிற்று. ரயில்வேயில் ஓய்வுபெற்ற, எல்லோரும் மரியாதையாகப் 'பாக்' என்றழைக்கும் பெரியவர் சர்கோவி வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகிற உடுப்போடு வந்து வாசலில் நின்றார்.

"தம்பி, நான் பேராசைக்காரன் இல்லை. கூரை ஒழுகுது, அவ்வளவுதான். ஒரே ஒரு நேரம் சொல்லு."

"பாக், சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது. அது ஏமாத்து வேலை. ஆடாதீங்க."

"பொண்டாட்டி வீட்டுக்கு மட்டும்தானா? இருக்கட்டும் இருக்கட்டும். கடவுள் பாத்துட்டுத்தான் இருக்காரு."

அதற்குப் பிறகு அவர் இவனுடைய சலாமுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார். இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். ஒருத்தன் கோழியோடு வந்தான், ஒருத்தன் மிரட்டலோடு. எல்லோருக்கும் வஸ்கித்தோ உண்மையைத்தான் சொன்னான். சொல்லச் சொல்ல, எதையோ இறுக்கி மூடி வைத்திருக்கிறான் என்ற எண்ணம்தான் அவர்களுக்கு வலுத்தது.

அவன் அட்மினை அழைத்து வேலையை விடுவதாகச் சொன்னான்.

"விட்டுட்டுப் போ. நாளைக்கு இன்னொருத்தன் போடுவான். எங்களுக்கென்ன?"

அப்படியேதான் ஆயிற்று. பட்டியல் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. வீட்டில் அடுப்பு புதிதாக இருந்ததே தவிர, அதில் வைக்க அரிசி இல்லை.

"நீங்க விட்டீங்களே, எவனாவது ஆடறதை விட்டானா?" என்றாள் லஸ்த்ரி. "சொல்லுங்க. ஒருத்தனைக் காட்டுங்க. நம்ம வயித்துல மட்டும்தானே மண்ணு விழுந்துது?"

மறுநாள் அவன் செங்கல் இறக்குகிற வேலைக்குப் போனான்.

மச்சான் ஏன் வேலையை விட்டான் என்பதற்குத் தர்சுனிடம் ஒரு விளக்கம் இருந்தது: ரகசியம் கசிந்ததை மேலிடத்தில் கண்டுபிடித்து விரட்டிவிட்டார்கள். எனவே பட்டியல் மெய்யானது. அவன் பச்சை பார்த்து ஆடினான். தோற்றான். புதிதாக வந்தவனுக்கு மச்சானின் கை இல்லை என்று சொல்லிக்கொண்டே மறுபடி ஆடினான். சூப்புப் பானைக்கு இறைச்சி வாங்குகிற பணம் போயிற்று, ருமியாதியின் காதிலிருந்தது போயிற்று. ஒரு நாள் மத்தியானம் அவன் நடந்து வந்தான். வாசலில் வண்டி இல்லை.

"வண்டி எங்கடா?" என்றாள் லஸ்த்ரி.

அவன் அக்காவைப் பார்க்கவில்லை. செங்கல் தூசியோடு சாப்பிட உட்கார்ந்திருந்த வஸ்கித்தோவைப் பார்த்தான்.

"திருப்தியா மச்சான்?"

"தர்சுன், நான் உனக்கு அன்னிக்கே..."

"ஒரு தடவை குடுத்தே. நான் ஜெயிச்சேன். அதோட மூடிக்கிட்டே. உனக்கு ஏன் எரிஞ்சுதுன்னு எனக்குத் தெரியும். பக்ஸோ விக்கிறவன் உன் வீட்டுக்கு அடுப்பு வாங்கித் தந்துட்டானே, அது உனக்குத் தாங்கல."

வஸ்கித்தோ எழுந்தான். கையிலிருந்த தட்டு சுவரில் போய் மோதியது. யார் முதலில் கை வைத்தார்கள் என்பது பிறகு இருவருக்குமே நினைவில்லை. லஸ்த்ரி நடுவில் விழுந்து பிரித்தாள். பிரித்தவள் தம்பியை அணைத்துக்கொண்டு கணவனைப் பார்த்துக் கத்தினாள்: "சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? உங்க சொத்தா அது?"

அந்த வாரமே தர்சுன் காணாமல் போனான். கலிமந்தானில் எண்ணெய்ப் பனைத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிறவனோடு கப்பலேறிவிட்டதாக ரயிலடியில் பேசிக்கொண்டார்கள். ருமியாதியிடம்கூடச் சொல்லவில்லை. போனையும் வீட்டிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தான்.

சில வாரம் கழித்து ருமியாதி வந்தாள். இடுப்பில் சின்னப் பிள்ளை. வெயிலில் நடந்து வந்ததில் முகம் கறுத்திருந்தது. லஸ்த்ரி அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் போனாள். வீட்டு வாடகை பாக்கி, வீட்டுச் சொந்தக்காரர் பூட்டப்போகிறார் என்றாள் ருமியாதி. வஸ்கித்தோ உள்ளே போய், செங்கல் கூலியில் மிச்சம் வைத்திருந்ததை முழுவதுமாக எடுத்துவந்து அவள் கையில் வைத்தான். கொடுக்கும்போது அவனுக்கு நெஞ்சு லேசானது. இதையாவது செய்ய முடிந்ததே என்றிருந்தது.

அவள் பணத்தை மடித்துக் கைக்குள் பொத்திக்கொண்டாள். போகவில்லை.

"அண்ணே," என்றாள். "இதை எப்போ போடட்டும்?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவள் கையிலிருந்த போனைப் பார்த்தான். தர்சுன் விட்டுப்போன போன்.

"ருமி, நான் சொல்றதைக் கேளு. அதுல ஒண்ணுமே இல்லை. கடவுள்மேல சத்தியம். வாடகையைக் கட்டு."

"வாடகை கட்டினா இந்த மாசம் தீரும். அடுத்த மாசம்?" அவள் குரல் உயரவில்லை. "எனக்கு நிறைய வேணாம்ணே. வண்டி மட்டும் திரும்பி வந்தாப் போதும், நானே தள்ளிக்குவேன். அவர்மேல உங்களுக்குக் கோபம் இருக்கலாம். நான் என்ன செஞ்சேன்? ஒரு நேரம் சொல்லுங்க. ஒரே ஒரு நேரம்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டிருந்தது. லஸ்த்ரி வாசற்படியில் வந்து நின்றாள்.

"சொல்லித்தான் விடுங்களேன்," என்றாள்.

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. அவன் வாயைத் திறந்தான். ஏதோ ஒரு மணியைச் சொல்லிவிட்டால் இரண்டு பெண்களும் அந்த ஒரு நாளைக்காவது தன்னை மன்னிப்பார்கள் என்றிருந்தது. அவன் சொல்லவில்லை. கதவைத் தாண்டி வெளியே போய்த் தண்டவாளத்தோரம் நின்றான். திரும்பி வந்தபோது ருமியாதி போய்விட்டிருந்தாள்.

அந்த மாதக் கடைசியில் அவளுடைய வீடு பூட்டப்பட்டது. அவள் பிள்ளைகளோடு சிலாசாப்பில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனாள். பணத்தை என்ன செய்தாள் என்று வஸ்கித்தோ யாரிடமும் கேட்கவில்லை. தர்சுனிடமிருந்து தகவல் இல்லை.

லஸ்த்ரி வீட்டை விட்டுப் போகவில்லை. சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பியவன், குழாயடியில் பாக் சர்கோவியின் மனைவியிடம் அவள் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டான்.

"அவருக்குத் தெரியும் அக்கா," என்றாள் லஸ்த்ரி, குடத்தை நிமிர்த்தியபடி. "எல்லாம் தெரியும். சொல்லத்தான் மனசு வராது."