கணவாய்ப் புழு

கருப்பம்மாள் மண்ணெண்ணெய் அடுப்பைக் கொண்டுவந்து எஸ்டேட் லயத்து முற்றத்தில் வைத்ததும், பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் வேடிக்கை பார்க்கச் சூழ்ந்துகொண்டார்கள். நடுவில் மீன்காரன் கொர்னேலியஸ். கையில் ஒரு துண்டு கணவாய். அதன் சதைக்குள் வெள்ளையாய், கொசுவர்த்திச் சுருளைப் போல ஒரு புழு.

வம்பு வியாழக்கிழமையே ஆரம்பித்துவிட்டது. கோழிக்கோட்டிலிருந்து கூடலூர் மார்க்கெட்டுக்கு வரும் லாரியில் அன்று ஆழ்கடல் கணவாய் வந்திருந்தது. ஒவ்வொன்றும் முழங்கை நீளம். கொர்னேலியஸ் அதை மொபெட்டில் கட்டிக்கொண்டு எஸ்டேட்டுக்கு வந்து, தானே கடலில் இறங்கிப் பிடித்தவனைப்போலப் பேசி விற்றான். கருப்பம்மாள் அரிந்தபோது உள்ளே புழு நெளிந்தது. மறுநாள் ஒருத்தியும் பாத்திரம் எடுத்து வரவில்லை. 'அழுகல் மீன்காரன்' என்று பெயர் வைத்தாகிவிட்டது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி இடுப்பு போனதால் எஸ்டேட் வேலையை விட்டவன் அவன். இந்த லயங்கள் கைவிட்டால் வேறு போக்கிடம் கிடையாது.

மொத்த வியாபாரி மொய்துவிடம் சண்டைக்குப் போனான். அவர் அசரவில்லை.

"அழுகலொண்ணும் இல்லெடோ. ஆழக்கடல் கணவாய்னா இந்தப் புழு இருக்கும். என்னைக்காவது ஒரு திமிங்கலம் வந்து முழுங்கும்னு உள்ள சுருண்டு கெடக்கும். நல்லா வேகவச்சா செத்துரும். தின்னா ஒண்ணும் ஆகாது."

உண்மை கைக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் லயத்தில் அதைக் காதில் வாங்க ஆளில்லை. "அப்பன்னா நீங்களே தின்னு காட்டுங்கண்ணே" என்றாள் கருப்பம்மாள். அதனால்தான் இந்தச் சனிக்கிழமை சாயங்காலம், இந்த அடுப்பு.

எண்ணெய் காய்ந்தது. துண்டைப் போட்டான். ஒரு புரட்டு, இரண்டு புரட்டு. "கருக வச்சுப் புழுவ மறைக்கப் பாக்குறாரு" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அரைவேக்காட்டிலேயே எடுத்து வாயில் போட்டு, சவைத்தும் சவைக்காமலும் விழுங்கினான். வாயைத் திறந்து காட்டினான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு சும்மா இருக்கவில்லை.

"வெண்ணெ மாதிரி இருக்கு. நீங்கதான் போட்டு வேகவச்சு வேகவச்சு ரப்பராக்கிப்புடுறீங்க."

ஞாயிறு விடியலில் மேல்வயிற்றை யாரோ உள்ளிருந்து முறுக்கிப் பிழிவதுபோல வலி எழுந்தது. கட்டிலில் உட்கார்ந்தபடி பச்சையாக வாந்தி எடுத்தான். மனைவி ரோஸ்மேரி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"டிஸ்பென்சரிக்குப் போவோம், வாங்க."

"அங்க போய் என்னன்னு சொல்றது? கணவாய் தின்னேன்னா? ஒம்பது மணிக்குள்ள லயம் பூரா தெரிஞ்சிரும்."

"தெரிஞ்சா தெரியட்டும். உசுரவிடவா?"

"இன்னைக்கு ஒருநாள் வித்துட்டு, நேரா கூடலூர் ஆஸ்பத்திரிக்குப் போயிர்றேன். கும்புடுறேன், விடு."

அவள் விட்டாள். வேறு என்ன செய்வாள்.

லயத்து வாசலில் மொபெட்டை நிறுத்தும்போதே பெண்கள் பாத்திரங்களோடு காத்திருந்தார்கள். அந்தக் காட்சியைப் பார்த்து அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெட்டியைத் திறந்தால் எல்லோருக்கும் கணவாய்தான் வேண்டுமாம். மத்தியைத் திரும்பிப் பார்க்கக்கூட ஆளில்லை. முதலில் நின்றவள் கருப்பம்மாள்.

"நல்லதா ரெண்டு போடுங்கண்ணே. மருமக முழுகாம இருக்கா, ஒண்ணும் எறங்க மாட்டேங்குது. நேத்து நீங்க செஞ்சாப்புல ரெண்டே பொரட்டு பொரட்டிக் குடுக்கப்போறேன்."

கொர்னேலியஸின் கை ஐஸுக்குள்ளேயே நின்றது.

"நல்லா வேகவைங்கக்கா. ரொம்ப நேரம் வேகணும்."

"நேத்து வெண்ணெங்கிறீங்க, இன்னைக்கு வேகவைங்கிறீங்க." வரிசை முழுவதும் சிரித்தது. "நாலு பேரு முன்னால தின்ன மனுசன் கல்லாட்டம் வந்து நிக்கிறீங்க. எனக்கென்ன பயம்?"

நான் கல்லாட்டம் இல்லை, விடிந்ததிலிருந்து செத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு இந்த வாசலில் அவன் மொபெட் நிற்காது. ரோஸ்மேரியை நினைத்தான். பார்த்தேயிராத அந்த மருமகளையும் நினைத்தான். முறுக்கு மறுபடி ஏறியது.

"இஞ்சி கொஞ்சம் கூடப் போடுங்க" என்றான். சொன்ன மாத்திரத்தில் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அவள் பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மேல் வரிசைக்கு ஏறினாள். அடுத்தவளுக்கு எடை போட்டான், அதற்கடுத்தவளுக்கும் போட்டான். மேலே அவள் வீட்டுக் கூரையில் புகை கிளம்பியது. அதைப் பார்த்ததும் தராசைக் கீழே போட்டுவிட்டு மேட்டில் கால் வைத்தான். வயிறு அவனை இரண்டாக மடித்தது. முட்டி மண்ணில் பட்டது.

"கருப்பம்மாக்கா..."

குரல் பாதிதான் வந்தது. அவள் வாசற்படிக்கு வந்து எட்டிப் பார்த்தாள். கீழே அவன் குனிந்து கிடப்பது பெண்களின் முதுகுக்குப் பின்னால் அவளுக்குத் தெரியவில்லை. ருசி எப்படி என்று கேட்கிறான்போலும் என்று நினைத்து, சிரித்தபடி கையிலிருந்த கரண்டியை ஆட்டிக் காட்டிவிட்டு உள்ளே போனாள்.