மூன்று மடங்கு விலைக் குண்டு

வாமதேவனுக்கு லா சப்பல் கடைத்தெருவில் நகைக்கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பாக்கி சுடும் கிளப். அங்கே அவருக்கு ஒரே ஒரு எதிரி. அவரைத் தன் காரில் ஏற்றிப் போகிறவரும் அந்த எதிரிதான். பெயர் ரொபேர், புதுச்சேரிக்காரர், தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர்.

சண்டை குண்டைப் பற்றியது. ரொபேர் வாங்குவது மூக்கு ஊசியாக நீண்டு, வால் ஒடுங்கிய இனம். அதைக் காற்று அவ்வளவாகத் தடுக்காது, பக்கவாட்டிலும் தள்ளாது என்பார். விலை மூன்று மடங்கு. வாமதேவன் சாதாரணக் குண்டை வாங்கி, பொன் நிறுக்கும் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, எடை பிசகியதைக் கழித்துவிடுவார்.

"எல்லாம் ஒரே எடையெண்டால் ஒரே இடத்திலதான் போய் விழும். மிச்சமெல்லாம் பெட்டிக்குக் குடுக்கிற காசு, அண்ணை."

"முந்நூறு மீட்டர்ல சரிப்பா. எண்ணூறுல, காத்து வந்து உன் தராசைப் பார்க்குமா?"

பந்தயம் கட்டினார்கள். எண்ணூறு மீட்டர், இருபது சூடு. தோற்றவர் சனிக்கிழமை ரூ காய் தெருவில், தேநீர்க் கடை நிரம்பி வழியும் நேரம் எழுந்து நின்று, தான் சொன்னது பிழை என்று சொல்ல வேண்டும். வாமதேவனின் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அங்கேதான் தேநீர் குடிப்பார்கள். தாலிக்கொடியின் எடையை அவர் வாயால் சொன்னால் போதும், மறுபேச்சில்லை. அந்த வாயால் எடை விஷயத்தில் பிழை என்பதா?

வெள்ளிக்கிழமை, யாருக்கும் சொல்லாமல், ஊசிமூக்கில் ஒரு பெட்டி வாங்கினார்.

ஞாயிறு நல்ல காற்று. கொடிகள் படபடத்தன. குறி சரிபார்க்க ஐந்து சூடு, பிறகு போட்டி. வாமதேவன் ஒரு புள்ளியால் வென்றார். ரொபேர் வழி முழுவதும் வானொலி கேட்டபடி கார் ஓட்டினார்.

சனிக்கிழமை தேநீர்க் கடை. வாமதேவனுக்குப் பக்கத்தில் அவர் மனைவி கோசலை. ரொபேர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"தப்புன்னு சொல்லத்தான் வந்தேன். ஆனா நான் சுட்டது என் குண்டே இல்ல. இவன் பேச்சைக் கேட்டுக் கேட்டு பயம் வந்துடுச்சு. சாதாரணக் குண்டு வாங்கினேன், கோசலைதான் கடைத் தராசுல நிறுத்துக் குடுத்தாங்க. ரெண்டு பேரும் ஒண்ணையே சுட்டிருக்கோம். போட்டி செல்லாது."

வாமதேவன் மனைவியைப் பார்த்தார். கோசலை தேநீரை ஊதிக்கொண்டிருந்தாள்.

பேசாமல் இருந்திருந்தால் தப்பியிருப்பார். முடியவில்லை.

"பாத்தீங்களோ! அந்தக் காத்திலயும் சாதாரணக் குண்டு ஒரே ஒரு புள்ளிதான் குறைய. அதுக்கு மூண்டு மடங்கு விலையோ, அண்ணை?"

ரொபேர் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

"எதைவிடக் குறைய, தேவா?"

வாமதேவன் வடையைப் பிய்த்தார்.

"இவரின்ர சாதாரணப் பெட்டி மேசை லாச்சிக்குள்ள அப்பிடியே கிடக்கு," என்றாள் கோசலை. "இஞ்சரப்பா, எழும்புங்கோ. ரொபேர் அண்ணை, நீங்கள் கதிரையில இருக்காதேங்கோ. ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுங்கோ."

ஒருவர் பிழை என்றார். மற்றவர் தப்பு என்றார். கடை கைதட்டியது.

பிறகு இருவரும் உட்கார்ந்து, ஒரு புள்ளிக்கு மூன்று மடங்கு விலை தகுமா என்று தொடங்கினார்கள். இந்த முறை தகும் என்றவர் வாமதேவன்.