வீட்டில் சிரித்த இடங்கள்

குளிர்பெட்டியின் கண்ணாடியில் மறுபடியும் ஈரம் படிந்தது. முத்துச்செல்வி முந்தானையால் அதைத் துடைத்தாள். தமிழ்மாறனின் நெற்றியும் மூக்கும் தெளிந்தன. சிறிது நேரத்தில் அவையும் மங்கின. கொட்டுக்காரர்கள் தேநீருக்காக ஓய்ந்திருந்த அந்த இடைவெளியில், மூன்று பேர் பந்தலைக் கடந்து வந்து, உள்ளே வருவதா வேண்டாமா என்று வாசற்படியருகே தயங்கி நின்றார்கள்.

"யாருத்தா இவுக?" என்று நாத்தனார் அழகம்மாள் அவள் காதருகே குனிந்து கேட்டாள்.

"அவரு ஆபீஸ் ஆளுக" என்றாள் முத்துச்செல்வி. கணவனின் கைப்பேசிப் படத்தில் பார்த்த முகங்கள், நேரில் கண்டதில்லை.

கோரிப்பாளையத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில், குழந்தைகளுக்கான கார்ட்டூன் கதைகள் செய்யும் சிறு குழுவைத் தமிழ்மாறன் நடத்திவந்தான். விலங்குகளை நடக்க வைப்பவன் இம்மானுவேல். காட்டையும் கண்மாயையும் தீட்டுபவள் ஸ்ரீஜா. ஓசைகளைச் சேர்ப்பவன் ராம்கி. அவர்கள் மாலையைப் பெட்டியின்மேல் சாத்திவிட்டு, முத்துச்செல்வியின் எதிரே பாயில் அமர்ந்தார்கள்.

"உங்களப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை அண்ணி. இப்பிடிப் பாக்கணும்னு நெனைக்கல" என்றான் இம்மானுவேல்.

அவள் தலையசைத்தாள்.

"ஆனா எங்களுக்கு உங்கள நல்லாத் தெரியும்" என்று ராம்கி தொடர்ந்தான். "நரி தன் வாலத் தானே மிதிச்சு விழுகுற எடத்துல வீட்ல சிரிச்சாங்கன்னு அண்ணன் வந்து சொன்னாரு பாருங்க, அன்னைக்கு இந்தக் கஞ்சப்பய இம்மானுவேல் எங்களுக்குப் பிரியாணி வாங்கிக் குடுத்தான்."

முத்துச்செல்வியின் கை கண்ணாடியின்மேல் நின்றது. எந்த நரி?

"அவர் வாயால 'நல்லாருக்கு'ன்னு சொன்னதே இல்ல" என்றாள் ஸ்ரீஜா. "திங்கக்கெழம வந்து நிப்பார். 'நேத்து வீட்ல காட்டுனேன். மழை வர்ற எடத்துல சத்தமே போடாம பாத்தாங்க' அப்படின்னு சொல்லுவார். அந்த மழைய நான் மூணு வாட்டி அழிச்சுட்டு வரைஞ்சிருந்தேன். அழுதுட்டேன்."

"மொதலாளி பாராட்டுனா, சம்பளத்த ஏத்தாம ஏமாத்தப் பாக்குறாருன்னு தோணும். உங்க சிரிப்புல அப்பிடிக் கணக்கெல்லாம் இல்ல அண்ணி, அதான் நம்புனோம்" என்ற ராம்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டான். "உங்க கொட்டாவிக்கு எம்புட்டுப் பயந்திருக்கோம் தெரியுமா? 'வீட்ல கொட்டாவி விட்டாங்கப்பா'ன்னு சொன்னா முடிஞ்சுச்சு. மொத்தத்தையும் திரும்பச் செய்யணும்."

கொட்டாவி மட்டும் உண்மைதான் என்று முத்துச்செல்வி நினைத்துக்கொண்டாள்.

துணிக்கடையில் காலை முதல் இரவுவரை நின்றபடியே புடவைகளை விரித்துக் காட்டுவது அவள் வேலை. வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் சிரித்துச் சிரித்து, வீடு திரும்பும்போது அவள் முகத்தில் சிரிப்பென்று எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. மணமான புதிதில் தமிழ்மாறன் தன் படம் ஓடும் கைப்பேசியை நீட்டுவான். "பெறகு பாக்குறேன்" என்பாள். பிறகு என்பது வரவேயில்லை, நீட்டுவதும் நின்றுபோயிற்று. ஆனால் நேற்று, நெடுநாளைக்குப் பின், சோற்றைப் பிசைந்தபடி அவன் கேட்டான்.

"செல்வி, ஒரு ஆமைக் கத. முடிவுதான் வரமாட்டேங்குது. ஒரு நிமிசம் பாக்குறியா?"

"நாளைக்குப் பாக்குறேங்க. காலு ரெண்டும் கழண்டு விழுகுது."

"சரி, நீ படு."

விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தவன், வாசலில் வண்டி வந்து நிற்பதற்குள் அடங்கிப்போனான்.

"அந்த ஆமைக் கத பாதில நிக்குது அண்ணி" என்றான் இம்மானுவேல். "வர்ற வாரம் குடுக்கணும். இனிமே எங்களால முடியும்னு தோணல. என்னைய பெங்களூருல கூப்புடுறாங்க, போயிரலாம்னு இருக்கேன். இவங்களும் வேற எடம் பாத்துக்கிருவாங்க." பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். "முடிவ மட்டும் வீட்ல கேட்டுட்டு வாரேன்னு நேத்து சொல்லிட்டுப் போனாரு. கேட்டாரா?"

மூவரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் ஒரு சொல் உண்மை சொன்னால் போதும்; இத்தனை ஆண்டுகளின் அத்தனை சிரிப்பும் இந்தப் பாயின்மேல் பொய்யாகிப்போகும். நரி பொய், மழை பொய். பெட்டிக்குள் கிடப்பவனும் பொய்யனாவான்.

"கேட்டாரு" என்றாள். அதுவரை அது உண்மை.

"என்ன சொன்னீங்க?"

அடுப்படியில் யாரோ பாத்திரத்தை உருட்டினார்கள்.

"மொதல்ல இருந்து ஒருதடவ போட்டுக் காட்டுங்க" என்றாள் முத்துச்செல்வி.

இம்மானுவேல் கைப்பேசியை அவள் கையில் வைத்தான். கண்மாய் வற்றிவிட்டது. ஒரு கிழட்டு ஆமை, தவளைக் குஞ்சுகளை ஆற்றுக்கு நடத்திச் செல்கிறது. வெயில் தாளாமல் குஞ்சுகள் உட்கார்ந்துவிடும் ஒவ்வொரு முறையும் ஆமை கழுத்தை நீட்டிச் செவிசாய்க்கிறது.

"அந்தா, ஆத்துச் சத்தம் கேக்குது. இன்னுங் கொஞ்சந்தான், வாங்க."

தமிழ்மாறனின் குரல். ஒப்பாரிக்கிடையே அழகம்மாள் வெடுக்கென்று திரும்பினாள். தம்பியின் பெட்டியைப் பார்த்தாள். பிறகு கைப்பேசியைக் கண்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

முத்துச்செல்வி கண்ணெடுக்கவில்லை. மூவருள் ஒருவரும் படத்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆமையின் பின்னால், எல்லாவற்றிலும் சிறிய குஞ்சு ஒன்று தாவ மறந்து, ஆமையைப் போலவே தோளை ஆட்டி ஆட்டி நடக்க முயன்றது. நான்கு கால்களும் நான்கு பக்கம் போக, வயிறு தரையில் பட விழுந்து, யாரும் பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தது.

முத்துச்செல்வி சிரித்துவிட்டாள். கடையில் வருகிற சிரிப்பாக அது இல்லை. இழவு வீட்டில் அந்தச் சத்தம் கேட்டுப் பெண்கள் ஒப்பாரியை நிறுத்தினார்கள்.

"ஏத்தா, என்னாச்சு ஒனக்கு?" என்று அழகம்மாள் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தாள்.

இம்மானுவேல் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குஞ்சை நடக்க வைத்தவன் அவன்.

படம் வண்ணமில்லாத கோடுகளாகி நின்றது. மணல்மேட்டின் கீழே ஆமை ஓய்ந்து கிடக்க, குஞ்சுகள் மேட்டின்மேல் நின்று திரும்பிப் பார்த்தன. அதற்குமேல் ஒன்றுமில்லை.

"ஆமைக்கு நெசமாவே சத்தம் கேட்டுச்சா?" என்று கேட்டாள் முத்துச்செல்வி.

"அண்ணன் சொல்லலையே."

அவள் பெட்டியைப் பார்த்தாள். கண்ணாடி முழுதும் மங்கியிருந்தது.

"கேக்கல. அதுக நடக்கணும்ல, அதுக்காகச் சொல்லிருக்கு." முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். "கடைசில அதுகளுக்குக் கேக்கட்டும். நெசமாவே."



"அப்ப ஆத்துச் சத்தம் வேணும்" என்றான் ராம்கி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "வைகையில போய்ப் புடிப்போம்னா அங்க லாரிச் சத்தந்தான் கெடைக்கும்."

இம்மானுவேல் கைப்பேசியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டான். "முடிச்சு எடுத்துட்டு வாரோம் அண்ணி. பாப்பீங்கள்ல?"

"கொட்டாவி விட்டா?"

"திரும்பச் செய்வோம்."

சங்கு ஒலித்தது. கொட்டு மீண்டும் முழங்கியது. நீர்மாலைக்குப் போனவர்கள், அவனைக் குளிப்பாட்டும் தண்ணீர்க் குடங்களோடு திரும்பினார்கள். அதன்பின் நடந்தவை, எல்லா வீடுகளிலும் நடப்பவைதாம். தமிழ்மாறனைத் தூக்கியபோது, இம்மானுவேலும் ராம்கியும் உறவுக்காரர்களோடு சேர்ந்து தோள் கொடுத்தார்கள். தெருமுனையில் கொட்டுச் சத்தம் தேய்ந்தது. ஸ்ரீஜா மட்டும் பெண்களோடு பின்தங்கினாள்.

அழகம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டைக் கழுவத் தொடங்கினாள். பெட்டி இருந்த இடத்தில் முதற்குடம் தண்ணீரைச் சாய்த்தாள். அது தரையில் விரிந்து, அறையைக் கடந்து, வாசற்படியில் சலசலவென்று இறங்கியது.

ஸ்ரீஜா அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றாள். பிறகு மெல்ல வந்து, தன் கைப்பேசியில் ஒலிப்பதிவைத் தொடங்கி, அதைப் படியோரம் நனையாத இடத்தில் வைத்துவிட்டு, முத்துச்செல்வியைப் பார்த்தாள்.

முத்துச்செல்வி அழுகையை நிறுத்தினாள். உதடுகளை மடித்துக் கடித்துக்கொண்டு, அழகம்மாளிடம் இன்னொரு குடத்தைச் சுட்டிக்காட்டினாள். அந்தத் தண்ணீர் கடைசிச் சொட்டுவரை வாசலில் இறங்கி முடியும் மட்டும், அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.